கால் ஊன்றாத ஏற்றம்

டெயனீரா சியாசோக்கேவால் சும்மா இருக்க முடியாது. கோயிலில் முழந்தாளிட்டிருக்கும்போதுகூட அவளுடைய வலது குதிகால் ஆடிக்கொண்டுதான் இருக்கும். கல்யாணத்தன்று பீடத்தின் முன்னால் அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, பெண் பயந்துபோயிருக்கிறாள் என்று மாப்பிள்ளை அனானியாஸ் நினைத்துக்கொண்டான். அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. சாமியார் பிரசங்கத்தை முடிக்கமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளுக்கு நாள் முழுவதும் உட்கார்ந்து செய்கிற வேலை வாய்த்தது. சான்டா ரீட்டாவில் சைக்கிள் உடுப்புகள் தைக்கும் பட்டறையில், கால்சட்டைக்குள் உட்காரும் இடத்தில் வைக்கிற பஞ்சுத் திண்டைப் பொருத்தித் தைப்பது அவள் பங்கு. பொயாக்கா மலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் அவள் தைத்த திண்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் மட்டும் சைக்கிளில் உட்கார்ந்ததே இல்லை. தையல் மிஷினின் மிதிபலகைதான் அவள் காலுக்குக் கிடைத்த ஒரே விளையாட்டு. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அந்தக் கால் ஒரு நிலையில் நிற்காது. தையல் கோணிக்கொண்டு போகும். அப்படிக் கோணிப்போய்க் கழிக்கப்பட்ட கால்சட்டைகள் அவளுடைய வீட்டுக்கே வந்து சேரும்.

நாற்பதை நெருங்கும் வயதில்தான் முதல் சைக்கிள் வந்தது. ஊரைவிட்டுப் போன கொழுந்தன் விட்டுச்சென்ற பழைய அலுமினிய ரேஸ் சைக்கிள். சில நாள் கொல்லையில் விழுந்து எழுந்து பழகிய பிறகு, பால் வாங்கப் போகலாம் என்று ஒரு நாள் அதை எடுத்தாள். பால் கடை வந்தது, போனது. ஊர் முடிந்தது, யூகலிப்டஸ் தோப்பு முடிந்தது, விஹியா மலையின் அடிவாரத்தில் மூச்சு முட்டியபோதுதான் கையில் பால் தூக்கு தொங்கிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் கால்கள் தாமாக ஓய்ந்தன. கொஞ்ச நேரம்தான். ஆனால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

விஹியா மலை உச்சியில் கார்மென் மாதாவுக்குக் குகை வடிவில் ஒரு சின்னக் கெபி இருக்கிறது. அதைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி. ஜூலை மாதம், மாதாவின் திருநாளன்று, கோயில் வாசலில் வண்டிகள் மந்திரிக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து உச்சிவரை வழியில் ஒருமுறைகூடக் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறியவர் தன் தொப்பியை அந்த வேலியில் கட்டலாம். சாயங்காலம் கெபியில் விளக்கு ஏற்றுவதற்குள் கட்டிவிட வேண்டும். அதற்கு நடுவர் கிடையாது, சாட்சி கிடையாது. ஊன்றாதவர் கட்டுவார், ஊன்றியவர் கட்டமாட்டார். தவறினால் அடுத்த திருநாள்தான்.

டெயனீரா மூன்று முறை தவறவிட்டிருந்தாள். முதல் வருடம் முழங்கால் பிடித்துக்கொண்டது. சீட் தாழ்ந்திருந்தால் முட்டிதான் சுமக்கும், பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள். ஒரு விரற்கடை உயர்த்தினாள், வலி ஓடிப்போனது. இரண்டாம் வருடம் செயின் அறுந்தது. மழையில் நனைந்ததைத் துடைக்காமல் எண்ணெய்மேல் எண்ணெயாக விட்டு, அழுக்குக் களிம்பாக்கி வைத்திருந்தாள். மூன்றாம் வருடம் முட்டியும் செயினும் ஒழுங்காக இருந்தன. பொறுமைதான் இல்லை. அடிவாரத்திலேயே எல்லாரையும் முந்திக்கொண்டு பறந்து, கடைசி வளைவில் காலில் சத்தே இல்லாமல் ஒரு வயல்வேலியில் சாய்ந்து நின்றாள்.

“அந்தத் தொப்பியைக் கட்டிட்டேன்னா அப்புறம் ஒரு இடத்துல உக்காந்துடுவேன்” என்று அனானியாஸிடம் சொல்லியிருந்தாள். அனானியாஸ் பேருந்து நிலையத்தில் பஸ் கழுவுகிறவன். எவ்வளவு கழுவினாலும் மறுநாள் சேற்றோடு திரும்பி வரும் பஸ்ஸைப் பார்த்துப் பழகியவன். “அப்படியா” என்றான்.

அவளும் அதை நம்பினாள். அதனால்தான் அந்த நாலாவது வருடம் அவளுக்கு அவ்வளவு முக்கியமாகிப்போனது. உள்ளுக்குள் எதுவோ விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த உச்சியில் அது அடங்கும். அடங்காமல் இன்னொரு வருடம் அந்த மிஷின்முன் உட்கார அவளால் முடியாது.

அவர்கள் ஆறு பேர் கூட்டாக ஓட்டுகிறவர்கள். ரொட்டிக்கடை நுபியா, அவள் நாக்கில் மாவு ஒட்டாது, கத்திதான் ஒட்டியிருக்கும். பால் லாரி ஓட்டும் காம்போ எலியாஸ், அனானியாஸின் பெரியப்பா மகன். வயிறு பெரிது, வாய் அதைவிடப் பெரிது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் பிராசான் சகோதரர்கள் மூன்று பேர். ஒருவர் தொடங்கிய பேச்சை அடுத்தவர் முடிப்பார். ஆறாவது ஆள் டெயனீரா. அந்த மலைக்காரர்கள் நாயைக்கூட “நீங்க” என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டும்போதும் அதே மரியாதை, கடைசியில் “சுமெர்செ” என்று ஒரு செல்லச் சொல் வேறு.

போன திருநாளில் லாரிக்காரர்கள் இவர்களைக் கேலி செய்திருந்தார்கள். லாரிகள் எல்லாம் பூமாலையும் பலூனுமாகப் பளபளக்க, சைக்கிள்கள் மட்டும் சேறும் தூசியுமாக நின்றன. “மாதா பார்த்தா மூக்கைப் பொத்திக்குவாங்க” என்று ஒருவன் சொன்னது டெயனீராவின் மனசில் முள்ளாய் நின்றிருந்தது. இந்த முறை திருநாளுக்கு முந்தின மதியம், “எல்லாருடைய சைக்கிளையும் எங்க வீட்ல கொண்டுவந்து விடுங்க, நான் துடைச்சு வெக்கிறேன்” என்று அவளே கேட்டு வாங்கினாள். சும்மா இருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாதே.

முதலில் டீசலில் நனைத்த பிரஷ்ஷால் செயின்களைத் தேய்த்தாள். பல்சக்கரங்களின் இடுக்கில் இருந்த கறுப்பை ஊசியால் கிண்டினாள். துடைத்து, உலரவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதை ஒற்றி எடுத்தாள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகும் மதியம் மிச்சமிருந்தது. அனானியாஸ் பஸ்களின் முன்பலகைக்கும் டயருக்கும் அடிக்கிற பளபளப்பு ஸ்பிரே டப்பா ஒன்று கொல்லையில் கிடந்தது. சட்டத்துக்கு அடித்தாள், கண்ணாடி மாதிரி ஆனது. ஹேண்டிலுக்கு அடித்தாள். கம்பிகளுக்கு அடித்தாள். ரிம்மில்தான் வெயில் பட்டால் அதிகம் மின்னும் என்று, பன்னிரண்டு ரிம்களுக்கும் இரண்டு பக்கமும் அடித்துப் பழைய பனியனால் ஆசை தீரத் தேய்த்தாள்.

மறுநாள் காலை காம்போ எலியாஸ் தன் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போனார். “ரிம்முல என் மூஞ்சி தெரியுதே! இனிமே இதைப் பார்த்தே சவரம் பண்ணிக்கலாம்.”

“பார்த்து, பயந்துடாதீங்க சுமெர்செ” என்றாள் நுபியா.

கோயில் வாசலில் லாரிகளும் பஸ்களும் டாக்சிகளும் வரிசையில் நின்றன. சைக்கிள்களை ஆறு பேரும் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள். மாதா சப்பரத்தில் வந்தாள். சாமியார் தீர்த்தத் துடைப்பத்தை உதறினார். சட்டத்தின்மேல் விழுந்த சொட்டுகள் நிற்காமல் முத்து முத்தாக உருண்டோடின. அதைப் பார்க்க டெயனீராவுக்குப் பெருமையாக இருந்தது. லாரிக்காரர்கள் வாயைத் திறக்கவில்லை.

சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினார். டெயனீராவின் குதிகால் ஆடத் தொடங்கியது.

“பொறுங்க” என்று நுபியா கிசுகிசுத்தாள். “எல்லாரும் ஒண்ணாப் போகலாம். போன வருஷம் மாதிரி ஓடி, மேல போய் கவுந்துடாதீங்க.”

“ஓடமாட்டேன். மெதுவாத்தான் போவேன். இப்பவே போறேன், ஆனா மெதுவாப் போறேன்.”

“சாமியார் பார்க்குறாரு!”

“கண்ணை மூடிட்டுத்தானே பேசுறாரு.”

பெடலில் கால் வைத்தாள். அதற்கப்புறம் உச்சிவரை அந்தக் கால் கீழே வரக் கூடாது.

சொன்னபடியே மெதுவாக ஏறினாள். தோப்பு முடிகிற இடத்திலேயே சின்னப் பல்லுக்கு மாற்றிக்கொண்டாள். மூச்சு வாய்வழியே போகத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்தாள். உள்ளங்கை மரத்துப்போகாமல் இருக்க ஹேண்டிலில் துணி நாடாவை இரட்டையாகச் சுற்றியிருந்தாள். அதிலும் கையை ஒரே இடத்தில் வைக்காமல் மேலும் கீழுமாக மாற்றினாள். ஒரே ஒரு தொல்லை கால்சட்டைக்குள் இருந்தது. பட்டறையில் கழித்துப்போட்ட கால்சட்டை. திண்டு இடப்பக்கம் ஒரு விரல் விலகித் தைக்கப்பட்டிருந்தது. தையல் விளிம்பு தொடையிடுக்கில் அராவியது. தைத்தவளை வாய்க்கு வந்தபடி திட்டவும் முடியவில்லை. வளைவுக்கு வளைவு எழுந்து நின்று மிதித்து, அந்த இடத்துக்குக் காற்றுக் காட்டிவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.

உருளைக்கிழங்கு வயல்கள் கீழே போயின. மூடுபனி கன்னத்தில் ஒட்டியது. பின்னால் திரும்பிப் பார்த்தால் மற்ற ஐந்து பேரும் கீழே மூன்றாவது வளைவில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். கால் கேட்டது, விரட்டட்டுமா என்று. வேண்டாம் என்றாள். அந்த மலையில் காலோடு சண்டை போடுவதுதான் அவளுக்குப் பெரிய ஏற்றம்.

பாதிக்கு மேல் போனதும் சேணம் வந்தது. குதிரை முதுகுச் சேணம் மாதிரி அங்கே பாதை ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் விறுவிறுவென்று இறங்கி, ஓடைமேல் ஒரு குறுகிய பாலத்தைக் கடந்து, அதன் பிறகு சுவர் மாதிரி எழும்பும். ஏற்றம் முழுவதிலும் பிரேக் பிடிக்க வேண்டிய ஒரே இடம் அது. பாலத்துக்கு முன்னால் பாதை சட்டென்று வலதுபக்கம் ஒடியும். ஒடிக்காவிட்டால் எதிரே கல் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் பாறைகள்.

மேட்டைத் தாண்டிக் காற்று முகத்தில் அடித்ததும் பிரேக்கைப் பிடித்தாள். வழக்கமாக அந்தச் சைக்கிள் கீச்சென்று அலறும். அலறவில்லை. இன்னும் இறுக்கினாள். ரிம்மைக் கவ்வ வேண்டிய ரப்பர்க் கட்டைகள் வெண்ணெயில் வைத்த மாதிரி நழுவின. தீர்த்தம் பட்ட ஈரமாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிரேக் பிடி ஹேண்டிலையே தொட்டுவிட்டது. சைக்கிள் கேட்கவில்லை.

அப்போதுதான் பழைய பனியனும் டப்பாவும் கண்முன் வந்தன.

கல் சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இடதுபக்கம், வளைவின் வெளிப்புறம், உருளைக்கிழங்கு வயலுக்கு மேலேறும் ஒரு மண் தடம் இருந்தது. யோசிக்க நேரமில்லை, கை தானாக அங்கே திருப்பியது. சக்கரம் சேற்றில் தத்தளித்தது, ஒரு மாடு பதறி விலகியது, தடம் மேலே ஏற ஏற வேகம் செத்தது. நிற்கப்போகும் கணத்தில் ஹேண்டிலை ஒடித்து, மாட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மெல்லத் தடத்தில் இறங்கி மறுபடி சாலைக்கு வந்தாள்.

கால் ஊன்றவில்லை. கால் இன்னும் பெடலில்தான் இருந்தது. எதிரே பாலம். அதற்கு அப்பால் சுவர் ஏற்றம். அதற்கும் அப்பால் உச்சி.

பின்னால் இன்னும் ஐந்து சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. பத்து ரிம்கள். எல்லாம் முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக.

“ஐயோ” என்று மாட்டிடம் சொன்னாள்.

கத்தினால் மேட்டுக்கு மறுபக்கம் கேட்காது. சைக்கிளைத் திருப்பி, இறங்கி வந்த சேணத்தையே ஏறத் தொடங்கினாள். நிதானமெல்லாம் போயிற்று. சீட்டைவிட்டு எழுந்து, ஹேண்டில் இப்படியும் அப்படியும் ஆட, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். மேட்டின் உச்சிக்கு அவள் வந்து சேரவும், அந்தப் பக்கம் முதல் தொப்பி தெரியவும் சரியாக இருந்தது.

நிற்க முடியாது. நின்றால் கால் ஊன்ற வேண்டும். எனவே சாலையின் குறுக்கே வட்டம் போடத் தொடங்கினாள், செக்குமாடு மாதிரி.

“யாரும் இறங்காதீங்க! பிரேக் பிடிக்காது! பிரேக் பிடிக்காது!”

நுபியாதான் முதலில் வந்தாள். ஏற்றத்தின் முனை என்பதால் பிரேக் தேவைப்படவில்லை. மிதிப்பதை விட்டதும் நின்றாள். “என்ன ஆச்சு, வழி மறந்துபோச்சா?”

“எல்லா ரிம்முலயும் அனானியாஸோட எண்ணெயைத் தடவிட்டேன். பிடிச்சுப் பாருங்க!”

நுபியா பிடித்துப் பார்த்தாள். பிரேக்கை இறுக்கிக்கொண்டே சைக்கிளை முன்னால் தள்ளினாள். சுகமாக உருண்டது. அதைப் பார்த்த பிராசான் சகோதரர்கள் மூன்று பேரும் வரிசையாக இறங்கிவிட்டார்கள்.

“நீங்க ஏன் சுத்திக்கிட்டே இருக்கீங்க?” என்றார் மூத்தவர்.

“கால்...” என்றார் இரண்டாமவர்.

“...ஊன்றக் கூடாதே” என்றார் இளையவர்.

காம்போ எலியாஸ் வந்தார். அவர் வழக்கம் எல்லாருக்கும் தெரியும்: ஏற்றமெல்லாம் பின்னால் வந்துவிட்டு, இறக்கம் கண்ணில் பட்டதும் வயிற்றின் பாரத்தை நம்பி எல்லாரையும் முந்துவார். அன்றும் மேட்டுக்கு முன்பே எழுந்து நின்று மிதித்து வேகம் சேர்த்துக்கொண்டு வந்தார்.

“என்ன சுமெர்செ, பாதியிலயே திரும்பிட்டீங்களா?” என்று சிரித்தார்.

“பிரேக் இல்ல! நில்லுங்க!”

“பிரேக்கெல்லாம் பயந்தவங்களுக்கு!” என்று கூவிக்கொண்டே அவளைக் கடந்தார்.

டெயனீரா வட்டத்தை உடைத்துக்கொண்டு அவர் பின்னால் பாய்ந்தாள். எட்டி அவருடைய சட்டையின் பின்பையைப் பிடித்தாள். பை கிழிந்தது, கொய்யாப்பழ அல்வாத் துண்டுகள் இலைப் பொட்டலத்தோடு சாலையில் சிதறின. இன்னொரு கையால் சட்டையையே பற்றினாள். இரண்டு சைக்கிள்களும் சேர்ந்து இறக்கத்தில் சாயத் தொடங்கின. அந்த ஆளை நிறுத்த அவளிடம் வேறு எந்தப் பிரேக்கும் இல்லை.

காலை ஊன்றினாள். ஒன்றல்ல, இரண்டையும். செருப்பின் அடி தீயும் அளவுக்குத் தரையில் தேய்த்தாள். காம்போ எலியாஸ் தடுமாறி ஓரத்துப் புல்லில் விழுந்தார், அவள் அவர்மேல் விழுந்தாள், சைக்கிள்கள் இருவர்மேலும் விழுந்தன.

“பைத்தியமா உங்களுக்கு? சுமெர்செ ஒரு பைத்தியக்காரக் கழுதை! மன்னிச்சுக்குங்க, ஆனா கழுதைதான்!”

அவள் எழுந்து அவருடைய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டாள். “பிடிங்க.”

அவர் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இறுக்கினார். சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே, பாலத்தருகே இருந்த கல் சுவரை அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து கொய்யா அல்வாக்களைப் பொறுக்கத் தொடங்கினார். வெகு நேரம் பொறுக்கினார்.

சாலையோரம் உட்கார்ந்து என்ன செய்வதென்று யோசித்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீருக்குப் போகாது. மூத்த பிராசான் கொஞ்சம் தயங்கிவிட்டு முதுகுப்பையிலிருந்து ஒரு அகுவார்தியெந்தே பாட்டிலை எடுத்தார். உச்சியில் மாதாவின் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு மிடறு குடிக்கக் கொண்டுவந்த சாராயம். “சர்க்கரை போடாதது” என்றார். “ஒட்டாது.”

“இதை ரிம்முக்கா ஊத்துறது?” காம்போ எலியாஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

“உங்க தொண்டையில ஊத்தினா பிரேக் பிடிக்குமா?” என்றாள் நுபியா.

துணி யாரிடமும் இல்லை. இறங்கும்போது குளிர் மார்பில் அறையாமலிருக்கச் சட்டைக்குள் சொருகிக்கொள்வதற்காக ஒவ்வொருவரும் ஒரு பழைய செய்தித்தாள் வைத்திருந்தார்கள். அதைக் கசக்கிச் சாராயத்தில் நனைத்துத் தேய்த்தார்கள். சக்கரத்துக்குச் சக்கரம் காகிதம் கறுத்தது. பிரேக் கட்டைகளைக் கழற்றி, அவற்றின் முகத்தைச் சாலையின் சொரசொரப்பில் உரசி, எண்ணெய் ஏறிய மேல்தோலைப் போக்கினார்கள். டெயனீரா எல்லாருடையதையும் தானே செய்ய வேண்டுமென்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாள். முழங்கை பட்டுப் பாட்டில் கவிழப் பார்த்தது. கடைசியில் சக்கரங்களைச் சுழற்றிப் பிடித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாகக் கீச்சிட்டு நின்றன. மலையே சாராயக் கடை மாதிரி மணத்தது.

சேணத்தில் எதற்கும் நடந்தே இறங்கி, பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் ஏறினார்கள். சுவர் ஏற்றத்தையும் கடந்து உச்சிக்கு வந்தார்கள்.

உச்சியில் கடை வைத்திருக்கும் டோன்யா உபால்தினா விலா எலும்புச் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தாள். மற்ற ஐந்து பேரும் முன்பே எப்போதோ தொப்பி கட்டியவர்கள். பிராசான்களின் மூன்று தொப்பிகளும் வெளுத்து ஒரே நிறமாகியிருந்தன.

“கட்டுங்க” என்றாள் நுபியா. “அந்த இறக்கத்தைத் திரும்பவும் ஏறி வந்தீங்களே. கணக்குப் பார்த்தா எங்களைவிட அதிகமாத்தான் ஏறியிருக்கீங்க.”

டெயனீரா தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தாள். “ஊன்றிட்டேன்.”

“என்னைக் காப்பாத்தத்தானே ஊன்றினீங்க” என்றார் காம்போ எலியாஸ். “மாதாவே மன்னிச்சுடுவாங்க. கீழ ஊர்ல யாரு பார்த்தா?”

“என் கால் பார்த்துச்சே.”

அவள் சூப்பைத் தொடவில்லை. கெபியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மேசைக்கடியில் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. திடீரென்று எழுந்தாள்.

“எங்க?”

“கீழ.”

“சூப்பு ஆறிடும்.”

“விளக்கு ஏத்த இன்னும் நேரம் இருக்கு.”

நுபியாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “முழு மலையையுமா? இன்னைக்கேவா? நீங்க சாகப்போறீங்க, சுமெர்செ.”

செய்தித்தாள் எல்லாம் ரிம்முக்குப் போய்விட்டதால், டோன்யா உபால்தினாவிடம் ஒரு காலிக் கோழித்தீவனப் பையை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டாள். இறங்கும்போது குளிர் உறைக்கவில்லை. தவிட்டு நாற்றம்தான் வழியெல்லாம் கூட வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் கீச்சிட்டது. அந்த அலறலை அவள் இதற்குமுன் ஒருபோதும் இவ்வளவு ரசித்ததில்லை.

கோயில் முன்னால் அனானியாஸ் பஸ்களிலிருந்து வாடிய மாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். டெயனீரா சதுக்கத்தைச் சுற்றி வந்தாள்.

“முடிஞ்சுதா?”

“இல்ல. ஏதாவது திங்க இருக்கா?”

“எறங்குங்களேன்!”

“எறங்க மாட்டேன்!”

அடுத்த சுற்றில் அவன் தயாராக நின்றான். ஈர ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று ஒலிக்க அவளோடு கூடவே ஓடி, ஒரு சோள ரொட்டியை அவள் வாயிலும் வெல்லத் தண்ணீர் பாட்டிலைச் சட்டத்திலும் சொருகினான்.

“கட்டிட்டா உக்காந்துடுவேன்னு சொன்னீங்க” என்றான், மூச்சிரைக்க.

“அதுக்குத்தான் போறேன்” என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு.

இரண்டாவது ஏற்றத்தைப் பற்றி அவளுக்குப் பெரிதாக எதுவும் நினைவில்லை. களைப்பு அவளுக்கு ஓர் உதவி செய்தது: விரட்டட்டுமா என்று கால் கேட்கவே இல்லை. கோணல் தையல் கடித்த இடம் கடித்துக் கடித்து மரத்துப்போனது. சேணத்தில் பிரேக் பிடித்தது, பாலம் வந்தது, அதே மாடு அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்தது. சுவர் ஏற்றத்தில் சைக்கிள் நடக்கிற வேகத்துக்கும் கீழே போயிற்று. சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பாம்பாக நெளிந்தாள். போன வருடம் சாய்ந்து நின்ற வேலிக்கம்பத்தைக் கடக்கும்போது அதைப் பார்க்காமல் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கெபியின் முன்னால் டோன்யா உபால்தினா தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தாள். பிராசான்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நுபியாவும் காம்போ எலியாஸும் கம்பளிப் போர்வைக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றார்கள்.

“தீப்பெட்டி நமுத்துப்போச்சு” என்றாள் டோன்யா உபால்தினா. “எவ்வளவு நேரமாக் கிழிக்கிறேன், பத்தவே மாட்டேங்குது.”

டெயனீரா சைக்கிளை வேலியில் சாய்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெடலிலிருந்தபடியே தொப்பியைக் கழற்றிக் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. அதன் பிறகுதான் காலைக் கீழே வைத்தாள். தரை மெத்தென்றிருந்தது, வேறு யாருடைய காலோ அதில் நிற்கிற மாதிரி.

காம்போ எலியாஸ் அதே தீப்பெட்டியை வாங்கி, முதல் குச்சியிலேயே சிகரெட்டைப் பற்றவைத்தார். டோன்யா உபால்தினா அடுத்த குச்சியைக் கிழித்தாள். விளக்கு எரிந்தது.

“இந்தப் பையை யாரு தைச்சுத் தருவா?” என்று அவர் கிழிந்த முதுகைக் காட்டினார்.

“திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமையே தைச்சுடுங்க. வெள்ளிக்கிழமை வேண்டாம்.”

கடைக்குள் உட்காரவைத்து, சூடாக்கிய சூப்பை அவள் முன்னால் தள்ளினார்கள். டெயனீரா உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடினாள். நுபியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, ஆச்சு. இனிமே சும்மா இருப்பீங்கதானே?”

“ம்.”

இருந்தாள். இரண்டு கரண்டி சூப் குடித்தாள். சமையற்கட்டு ஜன்னலுக்கு வெளியே மலையின் அந்தப் பக்கம் தெரிந்தது. இதுவரை உச்சியோடு திரும்பிவிடுவதால் அவள் அங்கே நின்று பார்த்ததே இல்லை. இவர்கள் ஏறி வந்த அதே சாலை கடையைத் தாண்டி, மூடுபனிக்குள் வளைந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் இன்னொரு மலை இருந்தது, இதைவிடக் கொஞ்சம் உயரம்.

கிண்ணத்தில் சூப் லேசாக அலம்பியது. நுபியா மேசைக்கடியில் கையை விட்டு, ஆடிக்கொண்டிருந்த முட்டியை அழுத்திப் பிடித்தாள்.

“சாப்பிடுங்க.”

“சாப்பிடறேன். அந்தப் பக்கம் எறங்கினா எந்த ஊரு வரும்? அதை மட்டும் சொல்லுங்க.”